டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் வைத்த பொட்டு

ஐப்பசி மழையில் என் பழைய காரை நம்பி யாரும் ஏறமாட்டார்கள், என் மனைவி உட்பட. போன வருஷம் அவள் அக்காவின் மூத்த மகள் கல்யாணத்துக்குக் குடியாத்தம் கிளம்பினோம். பேரணாம்பட்டு மலைப்பாதையில் மழை பிடித்தது, வண்டி நின்றது. நாங்கள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. தாலி கட்டும்போது பக்கத்தில் நிற்க வேண்டிய சித்தி, ஈரப் புடவையோடு இலை முன்னால் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இந்த வருஷம் இளையவளுக்குக் கல்யாணம். அதே ஐப்பசி, அதே மண்டபம்.

"நீங்க வண்டில வாங்க. நான் மொதல் நாளே பஸ்ல போயிடறேன். ரெண்டு பேர்ல ஒருத்தராவது தாலி கட்றத பாக்கணும் இல்ல?" என்றாள்.

சுருக்கென்றது. இருபது நாள் இருந்தது. அவளை அந்த வண்டியிலேயே, எந்த மழை பெய்தாலும், முகூர்த்தத்துக்கு முன்னால் கொண்டுபோய் இறக்கியே தீருவது என்று முடிவுகட்டினேன்.

ஈரத்தில் கரண்ட் எங்கேயோ வழிமாறிப் போகிறது என்றார் எங்கள் ஆண்டர்சன்பேட்டை மெக்கானிக். எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துக் கரண்ட் அனுப்புவது டிஸ்ட்ரிபியூட்டர். அதன் கறுப்பு மூடியைப் பாலிதீன் பையால் இறுக்கிக் கட்டினேன். மறுநாள் காலையில் பிரித்தால் உள்ளேயே வியர்த்து, மூடி முழுக்கத் தண்ணீர். என் புத்தியை என்ன சொல்ல.

ஒரு நாள் விடியுமுன் ஷெட்டில் விளக்கை அணைத்து, துணி தேய்க்க வைத்திருந்த ஸ்பிரே பாட்டிலால் எஞ்சின் மேல் தண்ணீர் அடித்தேன். சாவி திருப்ப மனைவியைக் கூப்பிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே வந்து திருப்பினாள். மூடியின் மேல் நீலப் பொறி ஓடியது. குனிந்து பார்த்தேன். ஒரு பொட்டிலிருந்து அடுத்த பொட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் ஆயுத பூஜையன்று பொட்டில்லாத இரும்பைப் பார்க்க முடியாது. நானும் வருஷாவருஷம் எஞ்சினை வாளித் தண்ணீரால் குளிப்பாட்டி, சந்தனமும் குங்குமமும் வைப்பேன். மூடிக்கு மட்டும் ஒயருக்கு ஒயர் நடுவே ஒன்றாகத் தாராளமாக வைப்பேன். பழைய பொட்டைத் துடைத்தால் பாவம் என்று அதன் மேலேயே புதுசு. அந்தக் காய்ந்த சந்தனம் ஈரத்தைக் குடித்துக் கரண்டுக்குப் பாதை போட்டிருக்கிறது.

அவளும் இறங்கி வந்து பார்த்தாள். "இன்னாங்க இது, யாரு வச்சது?"

"நான்தான்" என்றேன். மெக்கானிக்கை, மழையை, ஒருதரம் அவள் ராசியைக்கூடக் குறை சொன்னவன் நான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்றைக்கே புது மூடியும் புது பிளக் ஒயர்களும் வாங்கினேன். ஒயர் முனைகளுக்கு ரப்பர் உறை மாட்டினேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கரண்ட் கூட்டித் தரும் இக்னிஷன் காயிலை ஸ்பிரிட்டால் துடைத்தேன். வண்டியின் முன்பக்கக் கம்பித் தடுப்பு வழியே சாரல் அடிக்காமலிருக்க, லாரி டியூபை வெட்டித் திரை மாதிரி தொங்கவிட்டேன். கீழே காற்றுப் போக வழி விட்டேன், ஒருமுறை பட்டது போதும். பிறகு தினமும் காலையில் தண்ணீர் அடிப்பேன், ஸ்டார்ட் செய்வேன். ஒரு நாளும் அது மக்கர் பண்ணவில்லை. அவள் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். பஸ் பேச்சு மெல்ல நின்றுபோனது.

கல்யாணத்தன்று விடியற்காலை மழை கொட்டியது. சீர்த்தட்டை அவளே டிக்கியில் வைத்துவிட்டு முன்சீட்டில் ஏறினாள். வி.கோட்டா தாண்டும்வரை ரோட்டையே முறைத்துக்கொண்டு வந்தாள். மலைப்பாதையில் வைப்பர் தள்ளத் தள்ளத் தண்ணீர். என் காதெல்லாம் எஞ்சினில். போன வருஷம் நின்ற வளைவைத் தாண்டியதும் அவளிடம் சொல்லத் திரும்பினேன். கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மண்டப வாசலில் நிறுத்திய பிறகுதான் எழுப்பினேன். உள்ளே கல்யாணப் பெண்ணுக்கு இன்னும் தலைவாரிக்கொண்டிருந்தார்கள்.