இந்தியா போன நானும் தலைமன்னார் வந்த அம்மாவும்

மன்னார் டவுனில் பிறந்து வளர்ந்தும் தலைமன்னார்ப் பழைய இறங்குதுறையை நான் பார்த்ததில்லை. நுவரெலியாவுக்கு மட்டும் மூன்று தரம் போயிருக்கிறன். அந்த வெட்கத்தில் இன்றைக்கு அம்மாவிடம் சொல்லிப்போட்டு பஸ் ஏறினன்.

கரையில் நிற்க, போன் இந்திய சிக்னலைப் பிடித்தது. "இந்தியாவுக்கு நல்வரவு" என்று மெசேஜ். சும்மா இருக்கேலுமோ? எங்கட சிக்னல் திரும்பி எட்டிப் பார்த்த நேரம், "சுகமாய் வந்து சேர்ந்திட்டன்" என்று எழுதி அந்த மெசேஜையே ஸ்டேட்டஸில் போட்டன். பிறகு சிக்னல் செத்துப்போச்சு.

களவாய்ப் படகேறி இந்தியா போன ஆக்களின் வீடு இரண்டு எங்கட ஒழுங்கையிலேயே பூட்டிக் கிடக்கு. அதை யோசிக்கேல்லை.

கொஞ்ச நேரத்தில் ஓட்டோ ஒன்று புழுதியோடு வந்து நின்றது. அம்மா இறங்கினா, கையில் செபமாலை. பின்னால் அப்பா.

என்னைக் கண்டதும் அம்மா மணலிலேயே இருந்திட்டா. "மாதாவே, இவன் இஞ்சதான் நிக்கிறான்."

பிறகு எழும்பி வந்து முதுகில் ஒன்று போட்டா. "எத்தினை தரம் போன் எடுத்தனான் தெரியுமே? போட்டில ஏறிட்டாய் எண்டெல்லோ நினைச்சன்."

"எனக்கு நீந்தவே தெரியாதம்மா."

"அதுக்குத்தானடா அழுதனான்."

அழுது முடியத்தான் கடலைப் பார்த்தா. "இவ்வளவு நீலமே? கலியாணம் கட்டி இவ்வளவு காலம், இஞ்ச கூட்டிக்கொண்டு வர ஒருத்தருக்கும் மனம் வரேல்லை."

அப்பா அவசரமாய் ஓட்டோவுக்குள் எதையோ தேடத் தொடங்கினார்.

ஒரு அடியோடு தப்பினன். அம்மா இன்னும் இறங்குதுறைக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறா, வீட்டுக்கு வாற யோசனையே இல்லை.

அடுத்தது அவவுக்கு எங்கட பக்கத்து விடத்தல்தீவும் காட்டவேணும். அடி வாங்காமல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போற வழி தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.