ஏழு பேருக்குப் பெரட்டு

அப்பா மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். விடிந்ததும் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கூப்பிட்டு, யார் வந்தார்கள் யார் வரவில்லை என்று பார்த்து, எந்த மலைக்கு யார் போவது என்று ஆளைப் பிரித்து அனுப்புவதுதான் அவருடைய வேலை. அந்தக் குரல் வரிசை வீடுகளான லயம் மூன்றைத் தாண்டிக் கேட்கும். ஓய்வு பெற்ற பிறகும் சோற்றுக்கு உப்பு வேண்டுமென்றால் ஊருக்கே தெரிகிற மாதிரிதான் கேட்பார். அப்பேர்ப்பட்ட மனிதர், அம்மா இறந்து எட்டாவது மாதத்தில், குசினிக்குப் பின்னால் விறகு அடுக்கியிருக்கிற இடத்தில் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசினால் சந்தேகம் வருமா, வராதா?

எனக்கு வந்தது. சந்தேகப்படுவது என் தொழிலில் பாதி. ஹட்டனில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். பரீட்சை நடக்கும்போது எந்தப் பிள்ளையின் சட்டைக்கைக்குள் துண்டுக் காகிதம் இருக்கிறது என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அப்பாவின் முதுகும் அப்படித்தான் இருந்தது. நான் பஸ்ஸில் வந்து இறங்கி, தேத்தண்ணீர் குடித்துவிட்டு கொப்பி திருத்த உட்காருவேன். அந்தி இறங்குகிற நேரத்தில் அப்பா முகம் கழுவுவார். பழைய காக்கிச் சட்டை, அதன்மேல் கம்பளிச் சட்டை, தலையில் தொப்பி. வேலைக்குப் போகிற காலத்தில் போட்ட அதே கோலம். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போவார். விறகுக் கட்டைகளைப் பார்க்க எதற்குத் தொப்பி?

அதோடு போன். நான் முன்பு பாவித்த பழைய போன் ஒன்று இருந்தது. புதிது வாங்கியபோது அதை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா போன பிறகு அவருடைய சாமான்களோடு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு அலுமாரி மேல் வைத்துவிட்டோம். ஒரு நாள் டின்னைத் தூக்கினேன். கனம் குறைந்திருந்தது, உள்ளே போனைக் காணோம். மஸ்கெலியா டவுனில் போன் சாமான் விற்கிற முஸ்லிம் கடைக்கார நானாவிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தேன். அப்பா போன மாதம் வந்து, அந்தப் பழைய போனுக்கு ஏற்ற சார்ஜர் ஒன்று தேடி வாங்கிப் போனாராம். "மகளுக்குச் சொல்ல வேணாம்னாரும்மா" என்று சொன்ன பிறகுதான், சொல்லிவிட்டோமே என்று நானா நாக்கைக் கடித்தார்.

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் எதற்குப் பயம்? ஒரு பொம்பிளைதான் என்று முடிவு கட்டினேன். எந்தப் பொம்பிளை என்பதையும் நானே கண்டுபிடித்தேன். கீழ் லயத்தில் ஒரு விதவை இருந்தார். நல்ல மனுஷி. அம்மா காரியத்துக்கு மூன்று நாள் வந்து எங்கள் வீட்டில் சமைத்துப் போட்டவர். அவர் அந்த வாரம் ஒரு கட்டு கீரை கொடுத்தனுப்பினார். கீரையை அப்படியே பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டேன். மாடு மிகவும் ருசித்துச் சாப்பிட்டது.

ஒரு நாள் குசினிக் கதவோரம் நின்று ஒட்டுக் கேட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். அப்பா பேசினார். "செருப்பு கெடச்சிச்சாம்மா?" என்றார். எனக்குக் காது சுட்டது. செருப்பு வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறாரா? கொஞ்ச நேரம் கழித்து, "வந்துருவா, வந்துருவா. அதுவரைக்கும் யாரும் எடத்த விட்டு எந்திரிக்கப்படாது" என்றார். யார் வரப் போகிறாள்? எங்கே வரப் போகிறாள்? அன்றைக்கு இரவு நான் அப்பாவுக்கு ரொட்டியைத் தட்டில் வைக்கவில்லை, போட்டேன்.

என் பயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மா படுத்திருந்த கட்டிலில் இன்னொருத்தி வந்து படுப்பாள் என்பதுகூட இல்லை. அம்மாவுக்காக அப்பா அழவே இல்லை. செத்த வீட்டில் குழி வெட்ட யார், பாடை கட்ட யார், மரக்கறி வாங்க யார் என்று ஆள் பிரித்துக்கொண்டே திரிந்தார். பெரட்டுக் களம் மாதிரி வீட்டை நடத்தினார். அதை நான் மனதுக்குள் வைத்திருந்தேன். இப்போது இதுவும் சேர்ந்தால் அம்மா இந்த மனிதருக்கு ஒன்றுமே இல்லை என்றாகிவிடும். அதை எப்படித் தாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை மேல் டிவிசனில் ஒரு சாவு. அப்பா காலையிலேயே போய்விட்டார். நான் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டைச் சோதனை போட்டேன். போன் அரிசிப் பெட்டிக்குப் பின்னால், சேலைத் துணி ஒன்றில் சுற்றி இருந்தது. பூட்டுக்கூடப் போடவில்லை. அழைப்புகளைத் தேடினேன். ஒன்றுமில்லை, சிம்மே இல்லை. படங்களைத் தேடினேன். அம்மா தவறுதலாக எடுத்த கூரையும் சுவரும்தான். திறந்தபடி இருந்தது ஒரே ஒரு விளையாட்டு.

பேய் விளையாட்டு. எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான். ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் நானும் அறைத் தோழிகளும் போர்வைக்குள் உட்கார்ந்து விளையாடியது. நான்கு பாகம். மலையில் ஒரு பாழடைந்த பங்களா, நம் கையில் ஒரு லாந்தர். பயமுறுத்துகிற பேய்கள் இல்லை அவை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு குறையோடு போகாமல் நிற்கும். முதல் பாகத்தில் ஒரு சமையற்காரி, அடுப்பை அணைத்தோமா என்ற கவலையிலேயே செத்தவள். வருகிறவர்களிடமெல்லாம் அடுப்பைப் பார்க்கச் சொல்வாள். இரண்டாம் பாகத்தில் ஒற்றைச் செருப்போடு ஒரு சின்னப் பிள்ளை. செத்தது அவளுக்கே தெரியாது. மற்றச் செருப்பு அவளுடைய தாயின் பெட்டியில், சேலைக்கு அடியில் பொத்தி வைக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்ததும், ஒரு செருப்பை இப்படி யார் வைப்பார்கள் என்று யோசித்து, தான் இல்லை என்பதை அவளே புரிந்துகொள்வாள். அந்த இடத்தில் நாங்கள் நான்கு பேரும் விக்கி விக்கி அழுதோம். மூன்றாம் பாகத்தில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி, ஒரு தபால்காரர், ஒரு நாய். நான்காவதில் வாசலில் யாருக்காகவோ காத்திருக்கிற ஒரு பெண். ஒவ்வொரு பேயின் குறையும் தீர்ந்ததும் இரண்டு படம் வரும். கையசைக்கிற படத்தைத் தொட்டால் பேய் விடைபெற்றுப் போய்விடும். கதவுப் படத்தைத் தொட்டால் நாம் பேசாமல் வெளியே வந்துவிடுவோம், பேய் அங்கேயே இருக்கும்.

போனில் பார்த்தால் பங்களாக் கூடத்தில் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சமையற்காரி, செருப்புப் பிள்ளை, அண்ணன், தம்பி, தபால்காரர், நாய், வாசற்படியில் அந்தப் பெண். ஒருவரும் அனுப்பப்படவில்லை. ஆட்டம் அம்மாவுடையது. கடைசி வருடம் நெஞ்சு வருத்தம் வந்து நோயாகக் கட்டிலோடு கிடந்தபோது அம்மா விளையாடியது. இங்கிலீஷ் ஓர் எழுத்துத் தெரியாமல், படத்தை மட்டும் பார்த்து, எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்து நான்காம் பாகம் வரைக்கும் வந்திருக்கிறார்.

பொம்பிளை இல்லை என்ற நிம்மதியில் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பாவம் அம்மா, முடிக்கத் தெரியாமல் விட்டிருக்கிறார் என்று நினைத்தேன். கொப்பி திருத்துகிற கை சும்மா இருக்குமா? செருப்புப் பிள்ளையைத் தொட்டேன், கையசைக்கிற படத்தைத் தொட்டேன். அவள் ஏதோ சொல்லிவிட்டு, இரண்டு செருப்பும் படியில் சத்தம் போட இறங்கிப் போனாள். பழைய ஞாபகத்தில் கொஞ்சம் அழுதேன். பிறகு போனைத் துணியில் சுற்றி இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

அப்பா சாவு வீட்டிலிருந்து வந்து, குளித்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு பின்னால் போனார். பத்து நிமிடம் போயிருக்காது. போனைக் கையில் பிடித்தபடி என் முன்னால் வந்து நின்றார்.

"பெரட்டுல ஒரு ஆள் கொறையுது" என்றார். "செருப்புப் புள்ளயக் காணோம்."

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு அவரே உட்கார்ந்து சொன்னார். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று போனை அவர் கையில் கொடுத்து, இவர்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாராம். சாகிறவர்கள் சொல்கிற பேச்சா அது என்று அப்பாவும் பெரிதாக எடுக்கவில்லை. அம்மாவின் சாமான்களை வெகு நாள் அவரால் தொடவே முடியவில்லை. போன மாதம்தான் டின்னைத் திறந்தாராம். எப்படி விளையாடுவது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தது பெரட்டு எடுக்க மட்டும்தான். அதனால் தினமும் அந்திக்கு ஒவ்வொருவரையும் தொட்டு, ஆள் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாராம். தொட்டால் ஏதோ இங்கிலீஷில் எழுத்து வரும். அம்மாவைத்தான் கேட்கிறார்கள் என்று இவராக நினைத்து, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், வந்துவிடுவாள் என்று பதில் சொல்வாராம்.

நான் அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன். அம்மாவுக்கு முடிக்கத் தெரியவில்லை என்று நினைத்ததையும் சொன்னேன்.

"ஒங்கம்மாவுக்கா தெரியாது?" என்றார் அப்பா. "கை ஆட்டுற படத்த அவதான் எனக்கே காட்டுனா. எழவு வீட்டுல யாராச்சும் போயிட்டு வாறேன்னு சொல்லுவாங்களா? பேசாமத்தானே எந்திரிச்சு வரணும்? அதான் கதவத் தொட்டா."

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. சொன்னால் மறுபடியும் அதே காரியத்துக்கு வரவேண்டியிருக்கும் என்பார்கள். எல்லோரும் செத்துப்போன வீட்டில் அம்மா முறைப்படி நடந்திருக்கிறார். படித்த மகள்தான் முறை தெரியாமல் நடந்திருக்கிறேன். இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஒரு நாள் அம்மா போனை நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். என் முன்னால் ஒரு கட்டு விடைத்தாள். அது பேய், சும்மா எதையாவது சொல்லும் என்றேன். அம்மா அதற்குப் பிறகு என்னிடம் கேட்கவே இல்லை.

அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதைவிட ஏசியிருக்கலாம். அவரைக் கண்காணித்துத் திரிந்த மூன்று வாரமும் எனக்கே கேவலமாகத் தெரிந்தது. அம்மா அவரிடம் விட்டுப்போன ஒரே பொறுப்பில் நான் கை வைத்திருக்கிறேன்.

மறுநாள் அந்தியில் என்னைக் கூப்பிட்டு விறகுக் கட்டையில் உட்காரச் சொன்னார்.

"இவங்க என்னாதான் கேக்குறாங்க? ஒவ்வொருத்தரா வாசிச்சு சொல்லு."

சமையற்காரியைத் தொட்டேன். எழுத்து வந்தது. "நீ சொல்லாமல் போனாய். அதனால் திரும்பி வருவாய் என்று காத்திருக்கிறேன்" என்று தமிழில் சொன்னேன். தபால்காரரைத் தொட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். அண்ணனும் அதே. விளையாட்டு செய்தவர்கள், இப்படி ஒருத்தி ஒருவரையும் அனுப்பாமல் விட்டுவிட்டுப் போவாள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். எல்லோருக்கும் ஒரே வரியைத்தான் எழுதி வைத்திருந்தார்கள். தம்பியைத் தொடப் போனபோது அப்பா என் கையைப் பிடித்தார்.

"அப்ப, இம்புட்டு நாளும் அவளுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்களா?"

ஆமாம் என்றேன்.

அப்பா எழுந்தார். தொப்பியைச் சரி செய்தார். போனை விறகின்மேல் நிமிர்த்தி வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். பிறகு பெரட்டுக் களத்துக் குரலில், கீழ் லயத்து நாய்கள் எழுந்து குலைக்கும்படி பேசினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. ஒங்கள ஒக்கார வச்சிட்டுப் போனவ செத்துப்போயிட்டா. எட்டு மாசமாச்சு. நாந்தான் பொய் சொல்லிக்கிட்டு இருந்தேன். இனிமே அவ வரமாட்டா."

அம்மா இறந்துவிட்டார் என்று அப்பா வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவரைக்கும், அவ போனதிலிருந்து என்பார், அவ இல்லாததால் என்பார். அந்த ஒரு சொல்லை அவர் சொல்லவே இல்லை என்பதை, சந்தேகப்பட்டு அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்த நான் கவனிக்கவில்லை.

ஒவ்வொருவராக அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். சமையற்காரி அடுப்புப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். அண்ணனும் தம்பியும் ஒன்றாக இறங்கினார்கள். தபால்காரருக்குப் பின்னால் நாய் போனது. கடைசியில் வாசற்படிப் பெண் மட்டும் இருந்தாள். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பு கடைசியாகத் தொட்டது அவளைத்தான். அப்பா போனை வாங்கி, கையாட்டுகிற படம் இதுதானே என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். அவரே தொட்டார்.

அவள் எழுந்து போனாள். "போயிட்டா" என்று சொல்லிவிட்டு அப்பா விறகுக் கட்டையில் உட்கார்ந்து அழுதார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.