லாரியைப் பற்றிப் பேசாத வேன்

லீடர் என்ற சொல்லை நான் முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தது என் அக்காவின் சட்டையில்தான். மஞ்சள் தகட்டில் 'வேன் லீடர்' என்று எழுதி, பின்னால் ஊக்கு வைத்துக் கொடுத்திருந்தார்கள். அவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு, நான் நான்காம் வகுப்பு. வெண்ணந்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளை ராசிபுரத்துப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வேனில் யார் ஜன்னலோரம் உட்கார்வது, யாருக்கு வாந்தி வரும், யார் இன்னும் ஏறவில்லை என்பதெல்லாம் அவள் பொறுப்பு. வீட்டில் அடுப்பில் வைத்த பாலைப் பொங்கவிடுகிறவள் என்று பெயரெடுத்தவளிடம் இத்தனை பிள்ளைகளை எப்படி ஒப்படைத்தார்கள் என்று அம்மாவுக்கு ஆச்சரியம்.

அந்த வேனில் எங்களுக்கென்று ஒரு விளையாட்டு இருந்தது. ஊரில் பாதி வீடுகள் லாரியை நம்பி இருப்பவை. ஆகவே நெடுஞ்சாலையில் எதிரே வரும் லாரியின் நம்பர் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அது எந்த ஊர் வண்டி என்று சொல்ல வேண்டும். நம்பரில் ஊருக்கு ஓர் எண் உண்டு: நாமக்கல் என்றால் இருபத்தெட்டு, திருச்செங்கோடு முப்பத்திநாலு, சேலம் மேற்கு முப்பது, சங்ககிரி ஐம்பத்திரண்டு. வண்டி கடக்கும்போது நம்பர் பலகையே தீர்ப்புச் சொல்லிவிடும். இதில் எவராலும் வெல்ல முடியாதவள் ஐந்தாம் வகுப்பு பவித்ரா. அவள் அப்பா லாரி ஓட்டுநர். வடக்கே போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது அடையாளம் சொல்லிக் கொடுப்பார். 'எங்கப்பா சொன்னாங்க' என்று அவள் தொடங்கினால் அதற்குமேல் வாதம் கிடையாது.

அந்த அப்பா காலாண்டுத் தேர்வு நேரத்தில், நாக்பூருக்கு அப்பால் ஒரு பாலத்தருகே நடந்த விபத்தில் இறந்துபோனார்.

எந்தச் சம்பவத்தையும் காலத்தோடு சொல்லாவிட்டால் எனக்கு நிம்மதி இருக்காது. பவித்ரா மீண்டும் பள்ளிக்கு வந்தது, ஆயுத பூசைக்கு வேனின் நெற்றியில் பூசிய சந்தனம் முழுதாக உதிராத வாரத்தின் திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளியன்றே தலைமையாசிரியர் எங்கள் வேன் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, அந்தப் பிள்ளையின் முன்னால் லாரி என்ற சொல்லே வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவரும் நல்ல மனத்தோடுதான் சொன்னார்.

ஆனால் எங்கள் ஊர்ப்பக்கத்தில் லாரி இல்லாமல் பேசுவது தண்ணீர் இல்லாமல் சோறாக்குவது மாதிரி. கணக்கு வாத்தியார் பாடப்புத்தகத்து லாரியை மாட்டுவண்டியாக மாற்றினார். ஒரு மாட்டுவண்டியில் ஒன்பது டன் சிமெண்ட் ஏறியது, ஒருவரும் சிரிக்கவில்லை. லாரிப் படம் போட்ட பென்சில் பெட்டியை ஒரு பையன் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான். டிரைவர் அண்ணன் நெடுஞ்சாலையை விட்டு ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் போனார். தினமும் பிரார்த்தனைக்குத் தாமதமானோம். அப்படியும் ஓரிடத்தில் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்தாக வேண்டும். அந்த இடம் வந்ததும் நாங்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் உள்பக்கமாகத் திரும்பிக்கொள்வோம். பவித்ரா மட்டும் ஜன்னலோரம் சாலையைப் பார்த்தபடி இருப்பாள். அவளிடம் யாரும் எதுவும் பேசவில்லை. எதைப் பேசினாலும் அது லாரியில் போய் முடியுமோ என்ற பயம்.

வியாழக்கிழமை மாலை அவள் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"இனிமே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போமாட்டேங்கறாக்கா. ஆட்டையாம்பட்டில எங்கண்ணன் ஊட்ல உட்டு அங்கயே சேத்தரலாம்னு பாக்கறேன். திங்கக்கெழம டீசி வாங்கோணும்" என்றார்.

"அப்பன் போன துக்கம் உள்ளயே கெடக்குதுல்ல. இடம் மாறினாத் தெளிஞ்சிருவா" என்றாள் அம்மா.

அக்கா உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் அனுப்புங்க சித்தி. போற போக்குல நானே வந்து கூட்டிக்கறேன்" என்றாள்.

அந்த அம்மா தயங்கித் தயங்கித் தலையாட்டினார்.

பிறகு அக்கா என்னைக் கேட்டாள்: "ரோட்டைக் கடக்கறப்ப பவித்ரா வாயைப் பாத்தியா?"

"பாத்தேன். சாமி கும்புட்டுட்டு இருந்தா. உதடு அசைஞ்சுது."

"சாமியா" என்றாள் அக்கா.

மறுநாள் காலை பவித்ராவை ஏற்றிய பிறகு, ஏரிக்கரைத் திருப்பம் வருவதற்குள் அக்கா முன்னால் போய் நின்றாள்.

"அண்ணா, இன்னிக்கு மெயின் ரோட்லயே போங்க."

"ஏம் பாப்பா, பெரிய சார் சொன்னது மறந்து போச்சா?"

"மறக்கலைங்கண்ணா. தெனமும் லேட்டுன்னு எம் பேரைத்தான் எழுதறாங்க. நீங்களா வந்து வெளிய நிக்கறீங்க?"

அவர் கண்ணாடியில் பவித்ராவை ஒருமுறை பார்த்தார். வேனை நேராக விட்டார்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் நாங்கள் பழக்கப்படி திரும்பிக்கொண்டோம். அக்கா மட்டும் பவித்ராவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து கொண்டு சாலையைப் பார்த்தாள். தூரத்தில் ஒரு லாரி வந்தது. ஓரக்கண்ணால் நானும் பார்த்தேன். ஓட்டுநர் அறையின் நெற்றியில் நீல மயில். அது எங்கள் மாமா வண்டி, நாமக்கல் வண்டி. பொங்கலுக்கு எங்கள் வாசலில் நிற்கும்போது நான் ஏறி ஹாரன் அடித்திருக்கிறேன். வாயைத் திறக்கப் போனவனை அக்கா கையை நீட்டித் தொடையில் கிள்ளினாள். தடை இருக்கிறதல்லவா, அதற்காகத்தான் என்று அடங்கிக்கொண்டேன்.

பிறகு அவளே தடையை மீறினாள்.

"முப்பத்திநாலு" என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி.

துண்டில் சுற்றிய பென்சில் பெட்டியை அந்தப் பையன் இறுக அணைத்துக்கொண்டான்.

பவித்ரா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். தப்பான விடை காதில் விழுந்தபின் சும்மா இருக்க அவளால் முடியவில்லை.

"இருபத்தெட்டுங்க்கா" என்றாள்.

"போடி. நல்லாப் பாரு. முப்பத்திநாலேதான்."

"இல்லைங்க்கா, எலுமிச்சம்பழத்தைப் பாருங்க, ஓரமாத் தொங்குது. எங்கப்பா சொல்..."

அங்கே நின்றுவிட்டாள். நாங்கள் எல்லோரும் கால் செருப்பைப் பார்த்தோம். அந்த நிமிடம் அக்காமேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அழவைக்கப் போகிறாள், நன்றாக மாட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன்.

அக்கா அவள் தலையைத் தடவவில்லை. குரலைத் தாழ்த்தவும் இல்லை. பந்தயத்தில் தோற்க மனமில்லாதவள் கேட்பதுபோலக் கேட்டாள்: "ஏன், உங்கப்பா என்ன சொல்லுவாங்க?"

பவித்ரா மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"நாமக்கல்காரங்க எலுமிச்சம்பழத்தை ஓரமாக் கட்டுவாங்களாம். திருச்செங்கோட்டுக்காரங்கதான் நட்ட நடுவுல கட்டுவாங்களாம், எதுத்தாப்பல வர்றவன் கண்ணு கூசட்டும்னு."

லாரி கடந்தது. இருபத்தெட்டு.

"தோத்தீங்களா" என்றாள் பவித்ரா. சொல்லிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே சட்டைக் கையில் மூக்கைத் துடைத்து, அடுத்து வந்த வண்டிக்கு "முப்பது" என்றாள். பென்சில் பெட்டிக்காரன் "ஐம்பத்திரண்டு" என்றான். ராசிபுரம் வருவதற்குள் வேன் பழைய வேனாகிவிட்டது. இறங்கும்போதும் அவள் அப்பாவைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஹரியானாவில் அவர் ரொட்டிக்கு ரசம் கேட்ட கதை. எலுமிச்சம்பழத் தகவலைப் பிற்காலத்தில் இரண்டு ஊர் லாரிப் பட்டறைகளிலும் விசாரித்துப் பார்த்தேன். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

செய்தி தலைமையாசிரியருக்கு எட்டியது. அக்கா "தப்புதாங்க சார்" என்று சொல்லித் தகட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள். யாருக்கு வாந்தி வரும் என்று புதிய லீடருக்குத் தெரியாததால், அடுத்த வாரமே அது திரும்பி வந்தது என்பது வேறு விஷயம். அந்த வெள்ளிக்கிழமை மாலையே பவித்ராவின் அம்மா மறுபடி வந்தார். "இன்னிக்குத்தாங்க்கா வவுறு நெறைய உண்டா. அவங்கப்பனைப் பத்தி ஓயாத பேச்சு. நானும் கூட உக்காந்து பேசுனேன்" என்றார். டீசி வாங்கும் பேச்சு பிறகு எழவில்லை.

உணர்வு நுண்ணறிவு என்ற தொடரை நான் அறிந்துகொண்டது வெகு காலம் கழித்து, என் மகளின் பள்ளியில். நாளைய தலைவர்களுக்கு மதிப்பெண்ணைவிட அதுதான் முக்கியம் என்று, பேச வந்தவர் படங்கள் போட்டு விளக்கினார். அவர் சொன்ன எதிலும் எனக்கு மறுப்பில்லை. தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகளை நிறையவே படித்திருக்கிறேன். பெரியவர்கள் அத்தனை பேரும் கூடி எடுத்த முடிவை, தனக்குள் நம்பர் சொல்லிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண்ணின் உதட்டசைவைப் பார்த்துத் தவறென்று கண்டுகொண்ட ஒருவரை அவற்றில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை. எனக்கிருந்த கவலை வேறு. இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் சொன்னேன்: "அக்காவுக்குக் கண்ணு தெரியலைங்கப்பா. மாமா வண்டியவே முப்பத்திநாலுங்கறா."

அக்கா குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை அப்பா அவளைச் சேலத்துக்கு, ஃபேர்லேண்ட்ஸில் இருந்த கண் டாக்டரிடம் கூட்டிப் போனார். சாட்சி என்ற முறையில் நானும் போனேன். அக்கா பலகையின் கடைசி வரியைப் படித்தாள். அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தாள்.

"இந்தக் கண்ணுக்கா கண்ணாடி? வேணும்னா நீங்க ஒண்ணு போட்டுக்குங்க" என்றார் டாக்டர் அப்பாவிடம்.

"அப்பறம் எப்படி சாமி, மாமன் வண்டி தெரியாமப் போச்சு?" என்று கேட்டார் அப்பா.

"வெயிலு கண்ணுல அடிச்சுதுங்கப்பா."

திரும்பும் பேருந்தில் அவள் என் காதருகே குனிந்து, ஆஸ்பத்திரிக்குப் போனதைப் பவித்ராவிடம் மூச்சுவிடக் கூடாது என்றாள். கேட்கவே பரிதாபமாக இருந்தது. சத்தியம் செய்து கொடுத்தேன். சேலத்திலேயே பெரிய டாக்டர் என்கிறார்கள், அவருக்கே பிடிபடாத கோளாறு ஒன்று அக்காவின் கண்ணில் இருக்கிறது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அந்த வருடம் முழுக்க, சாலையைக் கடக்கும்போதெல்லாம் அவள் கையைப் பிடித்து நான்தான் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போனேன். அவளும் பேசாமல் வந்தாள்.