கிரகப்பிரவேசத்துக்கு எடுத்துப்போன கிணற்றுத் தண்ணீர்

பக்கத்து மனை பேட்டரிக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தை நான் கெடுத்தேன் என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. உண்மைதான். வேண்டுமென்றேதான் கெடுத்தேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் எங்கள் வீடு. கொல்லைச் சுவரை ஒட்டி அவர் ஒரு தகரக் கொட்டகை போட்டார். பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் தொழில். கரண்ட் கட் உயிரை வாங்கிய வருஷங்கள் அவை. வசதியுள்ளவர்கள் இன்வெர்ட்டர் வாங்கினார்கள், ஓரிருவர் மாடியில் சோலாரும் வைத்தார்கள். அவர்கள் வீட்டில் விளக்கு எரிந்தது. செத்த பேட்டரி எங்கள் கொல்லைக்கு வந்தது. உள்ளே இருக்கும் ஆசிட்டை அவர் ஆட்கள் அப்படியே மண்ணில் கவிழ்ப்பார்கள்.

முதலில் கறிவேப்பிலைச் செடி கருகியது. வெயில் என்று நினைத்தோம். பிறகு கிணற்றுத் தண்ணீர் லேசாகப் புளித்தது. தெருவே பார்க்க அவரிடம் போய்க் கேட்டேன்.

"தண்ணி நல்லாத்தான் கீது. சும்மா பேஜாரு பண்ணாதம்மா" என்றார்.

தொழில் தெரிந்தவர் சொல்கிறாரே என்று நம்பினேன். அந்த முட்டாள்தனத்தை என்னால் மன்னிக்கவே முடியாது. என் மகள் சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போன டாக்டர் கடைசியில்தான், என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. அவளுக்கு இன்றுவரை படித்தது மனதில் நிற்பதில்லை. ரிப்போர்ட்டைப் பேட்டரிக்காரரிடம் காட்டினேன். படிக்காமலே மடித்துக் கொடுத்தார்.

அடுத்த தை மாதம் அவர் மாடி வீடு கட்டி முடித்தார். மேலே வரிசையாக சோலார் பலகை, படிக்கட்டுக்குக் கீழே பொட்டு வைத்துப் பூப்போட்ட புது பேட்டரிகள். வெயிலில் வரும் கரண்ட், புகை இல்லை, மாசு இல்லை என்று வந்தவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தார். அவர் மனைவி வெள்ளை மனசுக்காரி. பக்கத்து வீட்டுச் சுமங்கலி என்று, நிறைகுடம் எடுத்து வர என்னைத்தான் அழைத்திருந்தாள். கேன் தண்ணீர் நிரப்பி ஒரு பித்தளைக் குடத்தையும் கொடுத்தனுப்பினாள். அதை வாசலில் கொட்டிவிட்டு எங்கள் கிணற்றில் மொண்டேன்.

ஹோமம் முடிந்தது. விடிகாலையிலிருந்து பட்டினி கிடந்த அவர் மனைவிக்குத் தொண்டை வறண்டது. தண்ணீர் கேட்டாள். குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தேன். பார்வை மட்டும் அவர் மேல்.

"எங்க ஊட்டுக் கெணத்துத் தண்ணிதான். குடிங்க" என்றேன், கூடத்துக்கே கேட்கும்படி.

டம்ளர் அவள் உதட்டருகே போயிருக்கும். அவர் ஹோமகுண்டத்தைத் தாண்டி ஓடிவந்து ஓங்கித் தட்டினார். டம்ளர் உருண்டது. குடமும் சாய்ந்து, புது வீடு முழுக்கத் தண்ணீர் ஓடியது. அவள் ஈரப் புடவையோடு கணவனையே பார்த்தாள்.

"நல்ல தண்ணினுதான சொன்ன?" என்று கேட்டாள்.

அவர் குனிந்து குடத்தை நிமிர்த்தினார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது, மறைக்க மாட்டேன். வீடு வரும்வரைதான் அந்தக் குளிர்ச்சி. சின்னவள் எதிரே வந்து நின்றாள். இரண்டு வருஷம், வேளைக்கு ஒரு டம்ளர் என்று என் கையாலேயே அவளுக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். தட்டிவிட ஒருத்தரும் ஓடி வரவில்லை.