ஜசிந்தா அக்காவின் சைவச் சமையல்

ஜசிந்தா அக்கா மறைந்த செய்தி எனக்குக் குறிகட்டுவான் பஸ்ஸுக்குள் கிடைத்தது. "ரீச்சர், இனி மத்தியானம் எங்கை சாப்பிடப் போறியள்?" என்று நடத்துநர் கேட்டபோது கேலி என்று நினைத்தேன். "விடிய நெஞ்சு நோகுதெண்டு சொன்னவ. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிஞ்சுது," என்றார்.

நயினாதீவில் படிப்பிக்கத் தொடங்கிய நாள் முதல், படகால் திரும்பி இறங்கியதும் நான் சாப்பிட்டது குறிகட்டுவான் இறங்குதுறையில் இருந்த அவருடைய கடையில்தான். நான்கு மேசை, கடலைப் பார்த்த ஒரு யன்னல். அக்கா சுருவில் கிராமத்தில் மீன்பிடிக் குடும்பமொன்றில் பிறந்த கத்தோலிக்கர். முதல் நாள் மீன் புதியதா என்று கேட்டுவிட்டேன். "படிச்சனீர்தானே? மீன்ரை கண்ணைப் பாரும், என்ரை கண்ணைப் பாராதையும்," என்றார்.

நயினாதீவு அம்மன் கோயில் திருவிழா நாள்களில் அவர் கடைக்குள் மீன் நுழையாது. குசினியைக் கழுவி, புதுச் சட்டிகள் வாங்கி, யாத்திரிகருக்குச் சைவம் மட்டும் சமைப்பார். தாமும் மீன் தொடமாட்டார். விரதங்களில் எனக்கு நம்பிக்கையில்லை. உங்களுக்கு எதற்கு இது என்று கேட்டேன். "என்னை நம்பிக் கை நனைக்குதுகள். வேறையென்ன?"

சில வருடங்களுக்கு முன் ஊர்ப் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே தம் மருமகனுக்குச் சைவக்கடை போட்டுக்கொடுத்தார். பெயரை நான் எழுதவில்லை. அக்காவின் முப்பத்தோராம் நாளுக்கு வெளியாகும் இதே நினைவுமலரின் மூன்றாம் பக்கத்தில் படத்தோடு இருக்கிறது. அந்தத் திருவிழாவில் பஸ் வந்து நின்ற ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னார்: "ஜசிந்தா மீன் சட்டியிலைதான் சாம்பார் வைக்கிறா. என்ரை கண்ணாலை கண்டனான்."

அவர் கண்டதாகச் சொன்ன அன்று காலை முழுவதும் அந்தக் குசினியில் இருந்து கத்தரிக்காய் வெட்டியவள் நான். பெரியவர் அந்தப் பக்கமே வரவில்லை. சனம் வாசலைத் தாண்டிப் போனது. சமைத்த சோற்றை மாடுகளுக்குக் கொட்டினோம்.

அடுத்த வருடம் அக்கா அடுப்பைத் தெருவோரம் கொண்டுவந்து, கொதிக்கும் வெயிலில், எல்லோரும் பார்க்கச் சமைத்தார். சனம் மெல்லத் திரும்பியது. ஒரு நாள் காற்று எழும்பிப் படகுகள் நின்றுவிட்டன. மருமகன் கடையில் சோறு முடிந்துபோக, பெரியவர் வந்து எனக்கு எதிரே அமர்ந்தார். அக்கா எல்லோருக்கும் இலை போட்டார், அவருக்குப் போடவில்லை.

"என்ன ஜசிந்தா, எனக்கில்லையோ?"

"மீன் சட்டியிலை வைச்சதெல்லோ ஐயா. உங்களுக்கு ஆகாது."

"பகிடி விடாதை."

"கண்டது பொய்யெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. இலை போடுறன்."

அவர் எழும்பினார். படகு ஓடும்வரை பசியோடு வெளியே நின்றார். அக்கா எனக்கு இரண்டாந்தரமும் பாயசம் விட்டார். அவ்வளவு ருசியான பாயசத்தை நான் பிறகு குடித்ததில்லை.

மன்னித்துவிடக் கூடாதா என்று ஒருமுறை கேட்டேன். "ஆண்டவர் மன்னிக்கட்டும், அவருக்கு நேரமிருக்கு. எனக்கு உலையிலை அரிசி கிடக்கு."

பெரியவர் செத்தவீட்டுக்கு மலர்வளையத்தோடு வந்தார். "சமயம் பாராது பசியாற்றிய தூய கரங்கள்" என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறார். அந்தக் கரங்களைத்தான் அவர் பஸ் பஸ்ஸாக அழுக்கென்று சொன்னார். அது பொய்யென்று ஒருபோதும் ஒப்புக்கொள்ளவுமில்லை. தெருச்சண்டை எனக்கு ஒத்துவராது என்று நானும் அன்று வாயைத் திறக்கவில்லை. அதற்கு அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்று எழுத்தில் சொல்கிறேன்: அது பொய். நான் அங்கே இருந்தேன்.

அக்காவின் தங்கை றோசலின் நேற்றுக் கேட்டார், "முப்பத்தோராம் நாளுக்கு அந்தாளும் வருதாம். இலை போடுறதோ?"

"போடுங்கோ. இலைக்குப் பக்கத்திலை இந்த மலரை வையுங்கோ. வாசிச்சுப்போட்டுச் சாப்பிடட்டும்."

போய்வாருங்கள், அக்கா. தேவாலயப் பூசையில் சுவாமியார் மன்னிப்பைப் பற்றிப் பேசுவார், கேட்பேன். பிறகு பெரியவருக்கு நேரெதிர்க் கதிரையில் இருந்து, எந்த வரியில் அவர் கண் நிற்கிறது என்று பார்ப்பேன்.