நடுவில் எந்தச் சாமி?

சங்கரன்கோவிலுக்கு வந்த புதிதில் நான் ஓடிய நேரத்தைவிட, ரோட்டோரம் நின்று "இல்லீங்க, நான் வண்டியில ஏறலீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம்தான் அதிகம்.

என் கணவருக்கு இங்கே ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆசிரியர் வேலை கிடைத்தது. கோயம்புத்தூரிலிருந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தோம். நான் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்குக் கணக்குப் பார்ப்பவள். நெட் கிடைத்தால் எனக்கு எந்த ஊரும் ஒன்றுதான். ஓடுவதற்குத்தான் ஊர் வேண்டும்.

நான் ஓடுவது சாதாரண ஓட்டம் இல்லை. மைதானத்தைக் காலை ஆறு மணிக்குச் சுற்ற ஆரம்பித்து மாலை ஆறு மணிவரை சுற்றிக்கொண்டே இருக்கும் போட்டி ஒன்று உண்டு. பன்னிரண்டு மணி நேர ஓட்டம் என்பார்கள். அதில் இரண்டு முறை கலந்துகொண்டிருக்கிறேன். இரண்டு முறையும் ஒன்பதாவது மணி நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்தேன், உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. காலுக்கு ஒன்றும் இல்லை. மனசு மட்டும் "எதுக்காக இப்படிச் சுத்தறே?" என்று கேட்டது. மூன்றாவது முறையாக மதுரையில் நடக்கும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தேன். இதிலும் உட்கார்ந்துவிட்டால் ஷூவைப் பரணில் போட்டுவிட்டு ஓட்டத்துக்கே ஒரு கும்பிடு போடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

"காலேஜ் இருக்கற ஊருங்களா? கிரவுண்ட் இருக்கும், பசங்க ஓடுவாங்க, குடுத்து வெச்சவ" என்று கோவைத் தோழிகள் பொறாமைப்பட்டார்கள். கிரவுண்ட் இருந்தது. பசங்களும் இருந்தார்கள். ஓடவில்லை, உட்கார்ந்து செல்போன் பார்த்தார்கள். நான் முதல் சுற்று வந்தபோது, சாரின் வீட்டம்மா என்று தெரிந்து, மொத்தப் பேரும் எழுந்து நின்று "குட் மார்னிங் மேம்" என்றார்கள். மகிழ்ச்சியாக இருந்தது. இரண்டாவது சுற்றிலும் எழுந்து நின்றார்கள். மூன்றாவதிலும். மரியாதை தெரிந்த பிள்ளைகள், சலிக்கவே இல்லை. எனக்குத்தான் பதில் சொல்லிச் சொல்லி மூச்சு வாங்கியது. ஒரு வாரத்தில் மைதானத்தைக் கைவிட்டுப் புளியங்குடி ரோட்டுக்குப் போனேன்.

அங்கே இன்னொரு கஷ்டம். இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு, ஒரு பொம்பளை தனியாக ரோட்டில் ஓடினால் அவளுக்கு ஏதோ அவசரம்; அவசரம் என்றால் ஏற்றிக்கொண்டு போய் விட வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. பூ மார்க்கெட்டுக்கு மூட்டையோடு வரும் வேன்கள் நிற்கும். "எங்கன போறிய? ஏறுங்க, எறக்கி விடுதேன்." கடையநல்லூர்க்கார பாய் ஒருவர் காரை ஓரம் கட்டி, "யாரும் ஆஸ்பத்திரியில இருக்காவளாம்மா?" என்று மிகுந்த கவலையோடு விசாரித்தார். சும்மா ஓடுகிறேன் என்று சொன்னதும் கவலை அதிகமாகி, ஒரு தண்ணீர் பாட்டிலைக் கையில் திணித்துவிட்டுப் போனார். ஒருநாள் பஸ்ஸே நின்றது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் எட்டிப் பார்க்க, கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ஏறும்மா, சில்லறை இல்லாட்டியும் பரவால்ல" என்றார். நான் மறுத்த பிறகும் கொஞ்ச தூரம் பஸ் என் கூடவே மெதுவாக வந்தது. மனசு மாறுவேனோ என்று பார்த்தார்கள்.

இந்த அன்பிலிருந்து என்னைக் காப்பாற்றியவள் எங்கள் வீட்டுக்கார அக்கா. நாங்கள் மாடியில், அவர்கள் கீழே. புருஷனும் பெண்டாட்டியுமாக ரத வீதிப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்தார்கள். அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். நல்ல தாட்டியான உடம்பு. வாய் அதைவிடத் தாட்டி. ஒருநாள் காலை வியர்வை சொட்டச் சொட்டப் படியேறிய என்னை மறித்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"தெனமும் ஓடுதியளே, என்ன நேத்திக்கடன்?"

அன்றைக்கு மூன்று வேன்களுக்கும் ஒரு டிராக்டருக்கும் விளக்கம் சொல்லிக் களைத்திருந்தேன். "ஆமாங்க்கா, ஒரு வேண்டுதல்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டேன்.

மறுநாள் ஒரு வண்டிகூட நிற்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அக்காவின் கடைக்குப் பாத்திரம் வாங்க வந்தவர்கள் மூலம் சேதி சுற்றுவட்டாரம் பூராவும் போயிருக்க வேண்டும். பூ வேன்காரர் என்னைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போனார். டீக்கடையில் பெஞ்சைப் பின்னால் இழுத்து வழி விட்டார்கள். அதே பஸ் எதிரே வந்தபோது டிரைவர் ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். போலீஸ் பாதுகாப்போடு போகும் மந்திரிக்குக்கூட இந்த ஊரில் இவ்வளவு வழி கிடைக்காது. உண்மையைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. ஒரு பொய்க்கு ஊரே ஒத்துழைத்தது. எனக்கு வெட்கமாக இல்லை. நன்றாக ஓடினேன்.

"என்ன வேண்டுதல்னு கேட்டா நான் என்ன சொல்ல?" என்றார் என் கணவர். "உங்களுக்குச் சம்பளம் ஒழுங்கா வரணும்னு சொல்லுங்க" என்றேன்.

அப்படியே காலம் தள்ளியிருப்பேன். ஆடி வந்தது. கோயிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியது. அக்கா மாடி ஏறி வந்து, "நாளைக்கு வெள்ளன எந்திரிச்சிருங்க. ஆடிச்சுத்துக்குப் போவோம். நேத்திக்கடன் இருக்கவிய இத விட்டுட்டு ரோட்டுல ஓடக் கூடாது" என்றாள்.

இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்கிறாள். கொடி ஏறியதிலிருந்து தபசுவரை சனங்கள் கோயிலைச் சுற்றுவார்கள். நூறு, ஐந்நூறு, ஆயிரம் என்று அவரவர் வேண்டிக்கொண்டபடி. எதற்கு என்று கேட்டேன். அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"ஒத்தக் கால்ல நின்னா வலிக்கும்லா? நாம சுத்துனா அந்த வலிய நாம கொஞ்சம் வாங்கிக்கிடுதோம். அவளுக்குக் கொறையும்."

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. நாய் கிடையாது, லாரி கிடையாது, குட் மார்னிங் கிடையாது. சுற்றுவதற்கென்றே ஓர் இடம், சுற்றுவதற்கென்றே வந்த ஆட்கள். மதுரைப் போட்டிக்கு இதைவிடப் பயிற்சி எங்கே கிடைக்கும்? முழுக்கை சுடிதாருக்குள் ஓட்டக் கடிகாரத்தை ஒளித்துக்கொண்டு, பயபக்தியான முகத்தோடு போனேன்.

முதல் நாள் அக்காவைப் பலமுறை தாண்டிப் போனேன். ஒவ்வொரு முறையும் அவள் யாரோடாவது பேசியபடி நடந்துகொண்டிருந்தாள். அடுத்த நாளும் தாண்டினேன். அதற்கடுத்த நாள் வெறுங்காலோடு கல்லில் ஓடியதில் பாதம் கொப்பளித்து, நொண்டிக்கொண்டே அவளோடு சேர்ந்து நடந்தேன். கையில் புளியங்கொட்டைகளை வைத்துக்கொண்டு, சுற்றுக்கு ஒன்றாகச் சுருக்குப் பையில் போடுவாள். பேச்சு சுவாரசியத்தில் போட மறந்துவிடுவாள். அப்புறம் பையைக் குலுக்கிப் பார்த்து, இருக்கட்டும் என்று இரண்டு சேர்த்துப் போடுவாள்.

"எத்தன சுத்துன்னு விட்டுப்போச்சு" என்றாள் அன்றைக்கு. "ஒங்க சட்டக்கைக்குள்ள ஒண்ணு பீப்பு பீப்புங்குல்லா, அதுல பாத்துச் சொல்லுங்க."

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"நிக்கப்படாது, நடங்க" என்றாள் அக்கா. "மொத நாளே அந்தச் சத்தத்தக் கேட்டுட்டேன். நேத்திக்கடன் இருக்கவ எதுக்குவே கடியாரத்த ஒளிக்கான்னு எங்க வீட்டுக்காரர்ட்டகூடச் சொன்னேன்."

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மதுரைப் போட்டி, நாற்காலி, ஒன்பதாவது மணி நேரம் எல்லாம். திட்டுவாள், குறைந்தபட்சம் வீட்டைக் காலி செய்யச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் காதருகே வந்தாள்.

"எனக்கு மட்டும் என்ன நேத்திக்கடன் கெடக்கு? வருசம் பூரா அந்தக் கடையில உக்காந்து குக்கருக்கு மூடி, மூடிக்கு வாசருன்னு எடுத்துக் குடுக்கேன். ஆடிச்சுத்துன்னா எங்க வீட்டுக்காரரு ஒரு வார்த்த பேச மாட்டாரு. இந்தப் பத்து நாளுதான் நான் வெளிய பாக்கது." பிறகு கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அவளுக்கும் தெரியும். பொம்பளைதான அவளும்."

கோயில் என்றும் பார்க்காமல் சிரித்தோம். பின்னால் வந்த ஒரு பெரியவர் முறைத்தார்.

அடுத்த சுற்றில் அக்கா கேட்டாள். "அந்த மதுர கிரவுண்டுல, நடுவுல எந்தச் சாமி இருக்கு?"

"சாமி எதுவும் இல்லீங்க்கா. வெறும் புல்லு."

"புல்லச் சுத்தவா அம்புட்டுத் தூரம் போறிய?" என்றவள், மறக்காமல் ஒரு கொட்டையைப் பையில் போட்டாள். "அதான் உக்காந்துட்டிய" என்றாள்.

போட்டி நாளில் என் கணவருக்குத் தேர்வு மேற்பார்வை வேலை. அக்கா தானாகவே கிளம்பிவிட்டாள். மீதிச் சுற்று மதுரையில் கிடக்கிறது என்று புருஷனிடம் சொன்னாளாம். அவரும் நம்பி, வழிச்செலவுக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். ஒரு தூக்குச்சட்டி புளியோதரை, ஒரு பை முறுக்கு, கடையிலிருந்து எடுத்துவந்த புத்தம்புது எவர்சில்வர் செம்பு. மைதானத்து ஓரத்தில் ஒரு நாற்காலி கிடைத்ததும் அதில் தன் பையை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

காலை நன்றாகப் போனது. மத்தியான வெயிலையும் தாண்டினேன். ஒன்பதாவது மணி நேரம் சொல்லி வைத்தாற்போல வந்தது. அதே கேள்வி, அதே குரல். அக்காவின் பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"முடியலீங்க்கா" என்றேன். அழுகை வந்துவிட்டது. "அவ்வளவுதான். ஷூவப் பரண்ல போட்டுடறேன்."

அக்கா முறுக்கைக் கடித்து முடித்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடுபாதையைக் குறுக்கே கடந்து புல்வெளிக்குள் இறங்கினாள். பனியன் போட்ட தொண்டர் பையன் ஓடி வந்து, உள்ளே யாரும் வரக் கூடாது என்றான்.

"நேத்திக்கடன் தம்பி" என்றாள் அக்கா. பையன் ஒரு கணம் யோசித்துவிட்டு வழி விட்டான். மதுரையிலும் அது செல்லுபடியானது.

புல்லின் நடுவில் ஒரு கொடிக்கம்பம் இருந்தது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினாள். அவ்வளவு பெரிய உடம்பை ஒற்றைக் காலில் நிறுத்தி, கொஞ்சம் ஆடி, நிலைக்கு வந்து என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி," என்றாள். அதுவரைக்கும் அவள் என்னை வாங்க போங்க என்றுதான் பேசியிருக்கிறாள். "எனக்குக் கால் வலிக்கி. எந்திரிச்சுச் சுத்து."

ஓடிக்கொண்டிருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வந்த வெட்கத்தில் எழுந்துவிட்டேன். அது பக்தியா, மானப் பிரச்சினையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு அடி வைத்ததும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன், அழுதுகொண்டே ஓடினேன். எதுக்காக என்ற கேள்விக்குப் பதில், கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றது.

அக்கா யோக்கியம் இல்லை என்பது இரண்டாவது சுற்றிலேயே தெரிந்துவிட்டது. நான் எதிர்ப்பக்கம் போனதும் காலைக் கீழே வைத்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டாள். ஒரு முறை முறுக்குகூடத் தின்றாள். நான் வளைவில் திரும்பியதும் கால் மேலே போனது. அவளைப் பிடித்துவிடக் கூடாதென்று, வளைவுக்கு முன்பு நான் தொண்டையைக் கனைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். இப்படியே இரண்டு திருடிகளும் மாலை வரை ஓட்டினோம்.

கடைசி மணி நேரத்தில் என்னால் ஓட முடியவில்லை. நடந்தேன், காலை இழுத்தேன், ஆனால் நிற்கவில்லை. வெயில் சாய்ந்திருந்தது. எதிர்ப்பக்கத்தில் வரும்போது, கனைக்காமல், சும்மா தலையைத் திருப்பிப் பார்த்தேன். அக்காவின் முதுகு என் பக்கம் இருந்தது. நான் பார்ப்பது அவளுக்குத் தெரிய வாய்ப்பில்லை. கம்பத்தில் நெற்றியை முட்டுக்கொடுத்து, கண்ணை மூடி, ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். தரையிலிருந்த கால் நடுங்கியது. அடுத்த சுற்றிலும் அப்படியேதான் நின்றாள். விசில் ஊதும்வரை அந்தக் கால் கீழே வரவில்லை.

பதக்கம் கொடுத்தார்கள். எனக்கு நேரே நிற்க முடிந்தது, அவளுக்குத்தான் முடியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி பஸ்ஸுக்கு வந்தாள்.

"கால் எப்படி இருக்குங்க்கா?" என்றேன்.

"ஒனக்கு?"

"வலி அவ்வளவா இல்லீங்க்கா."

"அப்ப சரிதான்" என்று சொல்லிவிட்டு, சீட்டில் சாய்ந்து, காலைத் தூக்கி என் மடியில் போட்டாள். சங்கரன்கோவில் வரும்வரை அதை நான் அமுக்கிவிட்டேன்.