சீல் வைத்த கருவியும் மரகதம் மேடமும்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பேருந்து நின்றிருந்தபோது செய்தி வந்தது. இயற்பியல் துறை மரகதம் மேடம் மாரடைப்பால் காலமானார். அனுப்பியவர் எங்கள் கல்லூரி முதல்வர். ‘ஈடு செய்ய இயலாத இழப்பு’ என்று எழுதியிருந்தார். ஈடு செய்ய அவருக்கு இரண்டு ஆண்டுகள் இருந்தன. தேவைப்பட்டது ஒரு கையெழுத்து.

புற்றுநோய் மருந்தை மிக நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் அடைத்து இரத்தத்தில் விடுவது, கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் மீயொலியைக் குவித்துக் குமிழிகளைத் திறப்பது. இதுதான் மேடத்தின் ஆய்வு. தமிழ்த்துறைக்காரனான எனக்கு அவர் விளக்கியது வேறு மாதிரி.

“வாய்க்கால் தண்ணி எல்லா வயலையும் தாண்டித்தான் போகுது சார். வேணுங்கற வயலுக்குத்தான மடையத் திறக்கறோம்? எங்க அண்ணனுக்கு ஊரு முழுக்கத் திறந்துவிட்டாங்க. கட்டி கல்லீரல்ல. போனது முடி, நகம், நாக்கு ருசி எல்லாம்.”

மீயொலியைக் குவிக்கும் அந்தக் கருவியில் ஸ்கேன் படமும் தெரியும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் சட்டப்படி அதைப் பதிவு செய்யவில்லை என்று அதிகாரிகள் வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன்.

“இங்க கர்ப்பிணிங்க யாரும்மா வர்றாங்க?”

“யாருமில்ல சார். எலிங்கதான்.”

“பெண் எலியும் இருக்குல்ல?”

“இருக்கு. அதுங்க வீட்ல பொண்ணு வேணாம்னு யாரும் சொல்றதில்ல சார்.”

சீல் வைத்துவிட்டுப் போனார்கள். நான் சட்டத்தைத் திட்டினேன். மேடம் தடுத்தார். “இந்தச் சட்டம் இல்லேன்னா எத்தனையோ பொண்ணுங்க பொறந்திருக்கவே மாட்டாங்க. எலிக்கும் கர்ப்பிணிக்கும் வித்தியாசம் தெரியாதவங்களத் திட்டுங்க.”

பதிவுக்கு முதல்வர் விண்ணப்பித்தால் போதும் என்று அதிகாரிகளே சொன்னார்கள். விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்தேன். முதல்வர் அதைப் படித்து, நடையைப் பாராட்டி, கையெழுத்துப் போடாமல் மேசையில் வைத்துக்கொண்டு மேடத்திடம் சொன்னார். “நமக்கு எதுக்கு மேடம் வம்பு? நீங்களும் ரிட்டையர் ஆகப்போறீங்க.”

குமிழிகள் சில வாரங்களில் கெட்டுவிடும். மேடம் மாதந்தோறும் புதிதாகச் செய்து குளிர்பெட்டியில் வைத்தார், பழையதைக் கொட்டினார். எதற்கு என்று கேட்டேன். “நாளைக்கே சீல எடுத்துட்டா? மருந்து இல்லாம நிக்கச் சொல்றீங்களா?”

இரங்கல் கூட்டத்தில் முதல்வர் மேடத்தின் பொறுமையைப் புகழ்ந்தார். ஆய்வுக்கூடத்துக்கு அவர் பெயர் சூட்டப்படுமாம். பெயர்ப்பலகை தயார். உள்ளே கருவி சீலோடு இருக்கிறது. ஆய்வு மாணவி கயல்விழி கைகட்டி நிற்கிறாள்.

மேடத்தை அறிந்தவர்களே, அவரிடம் பொறுமை இருந்ததில்லை. கோபம் இருந்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை கயல்விழியோடு முதல்வர் அறைக்குப் போகிறேன். கையெழுத்து விழும்வரை அங்கிருந்து எழுந்திருப்பதாக இல்லை. மாலை வாங்க நினைத்தவர்கள் அதை விட்டுவிட்டு அங்கே வாருங்கள்.